பட்டனை அமுக்கினால் வட்டி எப்படி வருகிறது?



சீசனுக்கு முன்னால் குற்றாலத்தில் கடை போடும் உறுப்பினர்கள் கடன் கேட்டு வருவது நம் கூட்டமைப்பில் வழக்கம்தான். ஐந்தருவி ரோட்டில் சிப்ஸ் கடை, பழைய குற்றாலத்தில் பழக்கடை, மெயின் அருவிப் பக்கம் துண்டும் எண்ணெயும் விற்கும் கடை என்று ஜூன், ஜூலை, ஆகஸ்டு மூன்று மாதத்து வியாபாரம். சாரல் ஏமாற்றிவிட்டால் போட்ட முதலும் முடங்கும். அதனால் கடன் வாங்கும்போது ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அப்படி ஒரு அக்கா எங்கள் ஆபீசுக்கு வந்தார். பீடி சுற்றுகிறவர், சீசனில் மட்டும் கடை. குழுவில் கேட்டால் முறை வரத் தாமதமாகும் என்று ஒரு தனியார் கடன் பக்கத்தைப் போனில் திறந்து வைத்திருந்தார். பக்கத்தில் மூன்று பெட்டிகள்: தொகை, வட்டி, மாதம். கீழே ஒரு பட்டன். 10,000 ரூபாய், நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி, 10 மாதம் என்று போட்டு அமுக்கினார். மொத்த வட்டி 1,000 ரூபாய் என்று வந்தது.

"மேடம், குழுவுலயும் நூத்துக்கு ஒரு ரூவா வட்டிதான். போன வருசம் இதே பத்தாயிரத்துக்கு 550 ரூவாதான் வட்டி கட்டுனேன். கம்ப்யூட்டர் தப்பு போடாதே. நான்தான் அப்போ கொறச்சுக் கட்டிட்டனோ?"

அவர் குறைத்துக் கட்டவில்லை. தனிநபர் பேரேட்டை எடுத்துப் பார்த்தோம், சரியாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டரும் தப்புப் போடவில்லை. பட்டனுக்குப் பின்னால் யாரோ ஒருவர் எழுதி வைத்த வரி எப்படிச் சொன்னதோ அப்படியே போட்டது. கணக்கு எழுதும் பழக்கம் இத்தனை வருடமாக உள்ள ஒருவர், ஒரு பட்டனைப் பார்த்ததும் தன் கணக்கையே சந்தேகப்பட்டார். அது எங்களை உறுத்தியது. அந்த வரியை நாமே எழுதிப் பார்த்துவிடுவோம் என்று இந்த மாதப் பயிற்சிப் பக்கத்துக்கு அதையே எடுத்துக்கொண்டோம். உங்கள் வீட்டில் பள்ளி, கல்லூரி போகும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வரிக்குப் பெயர் ஜாவாஸ்கிரிப்ட்

வெப் பக்கத்தில் எழுத்தையும் பெட்டியையும் பட்டனையும் வைப்பது எச்.டி.எம்.எல். அது வீடு கட்டி வைப்பது மாதிரி. பட்டனை அமுக்கினால் ஏதாவது நடக்க வேண்டும் என்றால் அதற்கு ஜாவாஸ்கிரிப்ட் வேண்டும். சுவிட்சும் வயரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1995-ல் அமெரிக்காவில் நெட்ஸ்கேப் என்ற கம்பெனியில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் இதன் முதல் வடிவத்தை எழுதினார். ஜாவா என்று வேறொரு மொழி அப்போது பிரபலமாக இருந்ததால் பெயரில் அதையும் ஒட்டிக்கொண்டார்கள். ஜாவா வேறு, ஜாவாஸ்கிரிப்ட் வேறு. சென்டரில் சேரும்போது பிள்ளைகள் இதில் ஏமாந்துவிடக் கூடாது.

இது நமக்குத் தூரத்து விஷயமும் அல்ல. தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் 2011-ல் ஜோஹோ கம்பெனி ஆபீஸ் தொடங்கியது. அப்போது தென்காசி தனி மாவட்டம்கூட இல்லை, 2019 நவம்பரில்தான் ஆனது. ஜோஹோ டெஸ்க் என்ற வாடிக்கையாளர் சேவை மென்பொருளை அங்கே இருந்துதான் உருவாக்கினார்கள். பல நாட்டுக் கம்பெனிகள் பயன்படுத்துகிற அந்தப் பக்கங்களில் உள்ள பட்டனும் பெட்டியும் நம் வயல்காட்டு ஓரத்தில் இருந்து போனவை. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களுக்குக் கட்டணம் வாங்காமல், படிக்கும்போது உதவித்தொகையும் கொடுத்துச் சொல்லிக் கொடுக்கும் பள்ளியையும் அந்தக் கம்பெனி நடத்துகிறது. இந்தப் பக்கத்தைப் படித்தால் அங்கே வேலை கிடைத்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அங்கே போகிற பிள்ளையும் முதலில் தொடங்குவது இந்த மாதிரி நாலு வரியில்தான்.

என்ன வேண்டும்?

இன்டர்நெட் வேண்டாம். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. ஜாவாஸ்கிரிப்டைப் படித்து வேலை செய்வது பிரவுசர். அது உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. 2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் பிள்ளைக்குக் கிடைத்த பழைய லேப்டாப் பரணில் கிடந்தால் அதுவே போதும். நோட்பேடில் எழுதி, வட்டி என்று பெயர் வைத்து, பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் எச்.டி.எம்.எல் என்ற நாலு ஆங்கில எழுத்தும் சேர்த்து சேமியுங்கள். சேமிக்கும்போது என்கோடிங் என்ற இடத்தில் யு.டி.எஃப்-8 என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாக மாறிவிடும். பிறகு அந்த ஃபைலை இரண்டு முறை கிளிக் செய்தால் பிரவுசரில் திறக்கும்.

இன்னொன்று. கீழே உள்ளதைப் படிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். லெட், நம்பர், ஃபார், இஃப் போன்றவை பிரவுசருக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்கள், அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். அசல், மாதம், பாக்கி என்பவை நாம் வைத்த பெயர்கள். அவற்றைத் தமிழிலேயே அடிக்கலாம். ஜாவாஸ்கிரிப்ட் தமிழ்ப் பெயரை ஏற்றுக்கொள்ளும். எங்களுக்கே இது முதலில் ஆச்சரியமாக இருந்தது.

முதலில் வீடு கட்டுவோம்:

<இன்புட் ஐடி="கடன்பெட்டி">
<இன்புட் ஐடி="வட்டிபெட்டி">
<இன்புட் ஐடி="மாதபெட்டி">
<பட்டன் ஐடி="கணக்கு">கணக்குப் பார்</பட்டன்>
<பி ஐடி="விடை"></பி>

ஐடி என்பது உறுப்பினர் எண் மாதிரி. குழுவில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தாலும் எண் மாறாது அல்லவா? அதே போல ஒரு பக்கத்தில் ஒரு ஐடி ஒருவருக்குத்தான். கடைசி வரியில் உள்ள பி வெறும் இடம். விடை வந்து உட்கார அதைக் காலியாக விட்டிருக்கிறோம். இதை மட்டும் சேமித்துத் திறந்தால் பெட்டியும் பட்டனும் தெரியும். எத்தனை முறை அமுக்கினாலும் ஒன்றும் நடக்காது.

பட்டனுக்குக் காது வைப்பது

இதற்குக் கீழே ஸ்கிரிப்ட் என்ற வார்த்தையை முக்கோண அடைப்பில் திறந்து, அதற்குள் எழுத வேண்டும். கீழேதான் எழுத வேண்டும், மேலே அல்ல. பிரவுசர் மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே வரும். பட்டனைப் படிக்கும் முன்பே "கணக்கு என்ற பட்டனைக் கொண்டு வா" என்று சொன்னால், அப்படி யாரும் இல்லை என்று கை விரித்துவிடும்.

லெட் அமுக்கி = டாக்குமென்ட்.கெட்எலிமென்ட்பைஐடி("கணக்கு");
அமுக்கி.ஆட்ஈவென்ட்லிஸ்னர்("கிளிக்", கணக்கிடு);

முதல் வரி, கணக்கு என்ற ஐடி உள்ள பட்டனைத் தேடி எடுத்து அமுக்கி என்று பெயர் வைக்கிறது. இரண்டாவது வரி, "உன்னை யாராவது கிளிக் செய்தால் கணக்கிடு என்ற வேலையைச் செய்" என்று அதற்குச் சொல்லி வைக்கிறது. மற்ற எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. பெட்டியில் எழுத எழுத ஏதாவது நடக்க வேண்டுமானால் கிளிக் இருக்கும் இடத்தில் இன்புட் என்று போட்டு, அந்தப் பெட்டிக்குக் காது வைத்தால் போதும்.

எழுத்தில் கவனம் வேண்டும். கெட்எலிமென்ட்பைஐடி என்பதில் முதல் ஜி சின்ன எழுத்து. இ, பி, ஐ மூன்றும் பெரிய எழுத்து. கடைசி டி சின்ன எழுத்து. ஆட்ஈவென்ட்லிஸ்னர் என்பதில் முதல் ஏ சின்னது, இ-யும் எல்-லும் பெரியவை. ஒன்று மாறினாலும் வேலை செய்யாது. பிழை எங்கே என்று பக்கத்தில் சொல்லவும் சொல்லாது. எஃப்12 பட்டனை அமுக்கி கன்சோல் என்ற இடத்தைப் பார்த்தால் எத்தனையாவது வரியில் தகராறு என்று சிவப்பில் காட்டும். இது தெரியாமல் நாங்கள் ஒரு முழு மத்தியானத்தை வீணாக்கினோம்.

பத்தாயிரமும் ஆயிரமும் சேர்ந்து பத்து கோடி

பயிற்சியில் ஒரு பெண் அசலையும் வட்டியையும் கூட்டிக் காட்ட ஒரு பக்கம் எழுதினாள். பெட்டிகளில் 10000, 1000 என்று போட்டு அமுக்கினாள். விடை 100001000. "ஏளா, பத்து கோடியா! யார் வீட்ல போய்க் கட்டப்போற?" என்று கூடத்தில் ஒரே சிரிப்பு.

நடந்தது இதுதான். பெட்டியில் நாம் எழுதுவது எண்ணாக இருந்தாலும் பிரவுசர் அதை வெறும் எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும். எழுத்தோடு எழுத்தைக் கூட்டினால் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக ஒட்டிவிடும். கழித்தல், பெருக்கல், வகுத்தலுக்கு இந்தக் குணம் கிடையாது. கூட்டல் குறிக்கு மட்டும் இரண்டு வேலை. அதனால் பெட்டியில் இருந்து எடுக்கும்போதே நம்பர் என்ற சொல்லால் எண்ணாக மாற்றிவிட வேண்டும்:

லெட் அசல் = நம்பர்(டாக்குமென்ட்.கெட்எலிமென்ட்பைஐடி("கடன்பெட்டி").வேல்யூ);

வட்டிக்கும் மாதத்துக்கும் இதே போல இரண்டு வரி, வீதம், மாதம் என்று பெயர் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். நம்பர் என்பதில் முதல் எழுத்து பெரியது.

இங்கே நம் ஊர் வழக்கத்தால் ஒரு சிக்கல் வரும். பாஸ் புத்தகத்தில் எழுதுகிற மாதிரி 10,000 என்று கமா போட்டால் நம்பருக்குப் புரியாது. நேன் என்று விடை வரும். இது எண் இல்லை என்பதைத்தான் ஆங்கிலத்தில் அப்படிச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். பலர் ரீப்ளேஸ் என்ற கட்டளையால் கமாவை எடுக்கிறார்கள். ஆனால் அது முதல் கமாவை மட்டும்தான் எடுக்கும். 1,00,000 என்று நம் முறையில் லட்சம் எழுதினால் இரண்டாவது கமா மாட்டிக்கொள்ளும். வேல்யூவுக்குப் பின்னால் ஸ்பிளிட்(",").ஜாயின்("") என்று சேர்ப்பது நல்லது. கமா உள்ள இடமெல்லாம் வெட்டு, இடையில் ஒன்றும் வைக்காமல் ஒட்டு என்று அர்த்தம். பழைய லேப்டாப்பிலும் வேலை செய்யும்.

இரண்டு வட்டி, இரண்டு வரி

இப்போது அந்த அக்கா கேட்ட கேள்விக்கு வருவோம். தனியார் பக்கத்தின் விடை வந்த வழி இது:

லெட் நேர்வட்டி = அசல் * வீதம் / 100 * மாதம்;

இதை ஃபிளாட் வட்டி என்பார்கள். 10,000-க்கு மாதம் 100 ரூபாய், 10 மாதத்துக்கு 1,000. மாதாமாதம் அசலில் நீங்கள் எவ்வளவு அடைத்தாலும் முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசி மாதம் வரை வட்டி. பாக்கி 1,000 ரூபாய் மட்டும் இருக்கும் பத்தாவது மாதத்திலும் 100 ரூபாய் வட்டி.

நம் குழுவில் செய்வது குறையும் வட்டி. இருக்கிற பாக்கிக்கு மட்டும் வட்டி:

லெட் பாக்கி = அசல்;
லெட் தவணை = அசல் / மாதம்;
லெட் குறைவட்டி = 0;
ஃபார் (லெட் ம = 1; ம <= மாதம்; ம = ம + 1) {
குறைவட்டி = குறைவட்டி + பாக்கி * வீதம் / 100;
பாக்கி = பாக்கி - தவணை;
}

ஃபார் என்பது திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் கட்டளை. முதல் மாதம் தொடங்கி கடைசி மாதம் வரை, ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் ஊக்குநர் பேரேட்டில் செய்வதையே அது செய்கிறது: பாக்கிக்கு வட்டி எழுது, தவணையைக் கழி, அடுத்த மாதத்துக்குப் போ. முதல் மாதம் 100, அடுத்து 90, 80 என்று இறங்கி கடைசி மாதம் 10. கூட்டினால் 550. அந்த அக்கா கட்டியது இதைத்தான். வங்கிகள் மாதாமாதம் ஒரே தொகையாக வாங்கும் சம தவணை முறையிலும் வட்டி பாக்கிக்குத்தான், இதே கடனுக்குச் சுமார் 558 ரூபாய் வரும்.

இரண்டு பக்கத்திலும் நூற்றுக்கு ஒரு ரூபாய்தான் எழுதியிருக்கிறது. ஒன்றில் 550, இன்னொன்றில் 1,000. வருடத்துக்கு 12 சதவீதம் என்று சொல்லி ஃபிளாட்டில் வாங்கும் இந்தக் கடனை குறையும் வட்டிக் கணக்கில் போட்டுப் பார்த்தால் உண்மையில் வருடத்துக்குச் சுமார் 21 சதவீதம் ஆகிறது. 450 ரூபாய் வித்தியாசம் என்றால் எத்தனை பீடி சுற்ற வேண்டும் என்று அந்த அக்காவே விரல் விட்டு எண்ணினார்.

இந்த வரிகளை எல்லாம் கணக்கிடு என்ற ஃபங்ஷனுக்குள், நெளி அடைப்புக்குள் வைக்க வேண்டும். ஃபங்ஷன் என்றால் ஒரு வேலைக்குப் பெயர் வைத்து மூட்டை கட்டி வைப்பது. கடைசியாக விடையைக் காட்டலாம்:

இஃப் (அசல் > 0 && மாதம் > 0) {
டாக்குமென்ட்.கெட்எலிமென்ட்பைஐடி("விடை").டெக்ஸ்ட்கான்டென்ட் = "ஃபிளாட்: " + நேர்வட்டி.டூஃபிக்ஸ்ட்(2) + " குறையும்: " + குறைவட்டி.டூஃபிக்ஸ்ட்(2);
} எல்ஸ் {
டாக்குமென்ட்.கெட்எலிமென்ட்பைஐடி("விடை").டெக்ஸ்ட்கான்டென்ட் = "தொகையும் மாதமும் சரியாகப் போடுங்கள்";
}

டூஃபிக்ஸ்ட்(2) பைசா வரைக்கும் காட்டி நிறுத்தும். அது இல்லாவிட்டால் 12 மாதக் கணக்கில் புள்ளிக்குப் பின்னால் எண்கள் நீளமாக ஓடலாம். இஃப் இல்லாமலும் பக்கம் ஓடும். ஆனால் பெட்டியைக் காலியாக விட்டு அமுக்கினால் வட்டி 0 என்று காட்டும். வட்டி இல்லாத கடன் என்று யாராவது நினைத்துக்கொள்வார்கள்.

எழுதி முடித்ததும் பேரேட்டில் முடிந்துபோன ஒரு கடனை எடுத்துப் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் தவணை தவறிய மாதம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நம் பக்கத்துக்கு அதெல்லாம் தெரியாது. பக்கத்தை மூடினால் போட்ட எண்ணும் போய்விடும். பேரேட்டுக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை.

மற்றவர்கள் எழுதிய பட்டன்கள்

காது வைக்கத் தெரிந்துவிட்டால் சில தந்திரங்களும் தெரியும். "இந்தச் சலுகை இன்னும் 5 நிமிடம் மட்டும்" என்று ஓடும் கடிகாரம், செட்இன்டர்வல் என்ற கட்டளையில் சில வரிகள்தான். பக்கத்தை மூடித் திறந்து பாருங்கள். மறுபடி 5 நிமிடத்தில் இருந்து தொடங்கினால் அது வெறும் பொம்மைக் கடிகாரம். சீசனில் அறை தேடும்போது "இன்னும் 1 அறைதான்" என்று மின்னுவதும் இப்படி இருக்கலாம். நாம் தொடாமலே காப்பீட்டுக் கட்டத்தில் டிக் விழுந்திருந்தால் அதையும் யாரோ எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். 2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகைத் தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடுத்தது. பொய் அவசரம் காட்டுவது அதில் ஒன்று. புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கடன் விஷயத்தில் பக்கத்தில் வரும் எண்ணை மட்டும் வைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். மைக்ரோஃபைனான்ஸ் கடனுக்கு விவரத்தாள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் இருந்து விதி வைத்திருக்கிறது. 2024 அக்டோபரில் இருந்து தனிநபர்களுக்கான மற்ற தவணைக் கடன்களுக்கும் முக்கிய விவர அறிக்கை தர வேண்டும், அதுவும் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில். எல்லாச் செலவும் சேர்ந்த வருட வட்டி அதில் இருக்கும். "தமிழ்ல விவரத் தாள் குடுங்க" என்று கேட்டு வாங்குங்கள்.

அந்த அக்கா கடைசியில் தனியார் கடன் வாங்கவில்லை. குழுக் கூட்டத்தில் பேசி, முறையில் முன்னால் இருந்த இன்னொரு உறுப்பினர் ஒரு மாதம் தள்ளி வாங்கச் சம்மதித்ததால் அவருக்கு முதலில் கிடைத்தது. தீர்மானப் புத்தகத்தில் அப்படியே எழுதினார்கள்.

மேலே உள்ள பக்கத்தை ஆங்கில எழுத்தில் அடித்து எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வட்டி என்ற பெயரில் வைத்திருக்கிறோம். பென்டிரைவ் கொண்டு வந்தால் போட்டுக் கொடுப்போம். வரும்போது குழுவின் கடன் பேரேட்டையும் கையோடு எடுத்து வாருங்கள். தவணை தவறிய மாதத்தை எப்படிச் சேர்ப்பது என்று பலர் கேட்கிறார்கள். அதை உங்கள் பேரேட்டை வைத்தே எழுதிப் பார்க்கலாம்.